புதுப்பிப்பு: ஹாலோ பிளாக் சுவரில் 25 லிட்டர் கீசர் மாட்டியாச்சு

டைல்ஸ் ஒட்டிய ஹாலோ பிளாக் (உள்ளே பொந்துள்ள கல்) சுவரில் கீசரை எப்படி மாட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது கெமிக்கல் ஆங்கர் யோசனைதான், அதாவது துளையில் ரெசின் என்ற இறுகும் பசையை நிரப்பி அதில் கம்பியைப் பதிப்பது.

கீசரோடு வந்த ஆங்கர் போல்ட் விரிந்து பிடிக்கிற வகை. பிளாக்கின் மெல்லிய ஓடு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் உடையும். தண்ணீர் மட்டுமே 25 கிலோ, கீசரின் எடை தனி. சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து இறுக்குவதும் உறுதிதான். ஆனால் எங்களுக்கு மறுபக்கம் படுக்கையறை, வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை.

டிரில்லின் ஹேமர் மோடை (தட்டித் துளைப்பது) அணைத்துவிட்டு, டைலுக்கு டைல் பிட், உள்ளே கான்கிரீட் பிட் போட்டுத் துளைத்தோம். தூசியை பிரஷ் போட்டு ஊதி எடுத்து, சல்லடை மாதிரி ஓட்டை உள்ள பிளாஸ்டிக் ஸ்லீவைச் செருகினோம். அடியிலிருந்து ரெசின் நிரப்பி, 10 மி.மீ. திரெட் ராடைத் (மரை போட்ட கம்பி) திருகியபடி உள்ளே விட்டோம். ரெசின் ஸ்லீவின் ஓட்டைகள் வழியாகப் பிதுங்கி பிளாக்கின் உட்புறத்தில் முடிச்சு போல இறுகுகிறது. ஸ்லீவ் இல்லாவிட்டால் அத்தனையும் பொந்துக்குள் விழுந்துவிடும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாசிலிலிருந்து (ரெசினைக் கலந்து பிதுக்கும் முனை) முதலில் வரும் ரெசின் சரியாகக் கலந்திருக்காது. நிறம் சீராகும் வரை வெளியே பிதுக்கிவிட வேண்டும்.

எதிர்பாராதது, ஒரு துளை பிளாக்கின் நடுத்தடுப்பில் போய் விழுந்தது. அங்கே முழுக்கக் கெட்டி, ஸ்லீவ் தேவைப்படவில்லை.

மறுநாள்தான் கீசரை ஏற்றினோம். நட்டை அளவாக இறுக்கினால் போதும், வெறிகொண்டு முறுக்கினால் டைல் விரிசல் விடும். அப்புறம், மிச்ச ரெசின் நாசிலுக்குள்ளேயே இறுகிவிடுகிறது. கூடுதலாக ஒரு நாசில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.