விளையாடும்போது மட்டும் கணினி அணைந்துவிடுகிறது: எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். மூன்று வாரங்களாக என் டெஸ்க்டாப் கணினி விளையாட்டின் நடுவே திடீரென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை வருவதில்லை, படம் உறைந்து நிற்பதுமில்லை. சுவிட்சைத் தட்டியதுபோல் எல்லாம் ஒரே நொடியில் இருண்டுவிடுகிறது. ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், 220 வாட் வரை எடுத்துக்கொள்ளும் கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருந்து பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), 16 ஜிபி ரேம். எல்லாம் 2021இல் வாங்கியவை.

சூடுதான் காரணம் என்று எண்ணி, கேபினட்டைத் திறந்து தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிட்டேன். விளையாடும்போது பிராசசர் 78 டிகிரியையும் கார்டு 74 டிகிரியையும் தாண்டுவதில்லை. பழுது பார்க்கும் கடையில் கொடுத்தபோது, அங்கே இரண்டு மணி நேரம் ஓடவிட்டும் அணையவில்லை; ஆனாலும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுமாறு சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலையே மறுபடி அணைந்தது. அலுவலக வேலைக்கோ படம் பார்ப்பதற்கோ பயன்படுத்தும்போது எந்தத் தொல்லையும் இல்லை. 7,000 ரூபாய் செலவழிப்பதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

சூட்டை நீங்கள் மறந்துவிடலாம். அந்தப் பிராசசருக்கு வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கும்போது அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும், அதற்கும் மேலே போனால்தான் தன்னைக் காத்துக்கொள்ள அணையும். 78 டிகிரியில் பட்டென்று அணைவதற்கு வாய்ப்பில்லை.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது ‘ஒழுங்காக மூடப்படாமல் நின்றது’ என்று மட்டுமே சொல்லும், காரணம் சொல்லாது. ஆனால் அதன் விவரப் பகுதியில் பக்செக் கோடு (பிழையின் எண்) 0 என்று இருந்தால், பிழையைக் குறித்து வைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்றும், பெரும்பாலும் மின்சாரமே நின்றிருக்கிறது என்றும் கொள்ளலாம். எனக்கு எஸ்எம்பிஎஸ் மீதுதான் சந்தேகம். கார்டில் இரண்டு 8 பின் இணைப்புகள் இருந்து, இரண்டையும் ஒரே கேபிளின் இரட்டை முனையிலிருந்து கொடுத்திருந்தால், தனித்தனிக் கேபிள்களாக மாற்றிப் பாருங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.

மறுமொழி 2

கடையில் அணையவில்லை, வீட்டில் அணைகிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான தடயம். கடைக்குப் போனது கேபினட் மட்டும்தானே? அதற்கு மின்சாரம் கொடுப்பது வீட்டிலேயே இருந்துவிட்டது. கணினியை எதில் செருகியிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

அடுத்த முறை அணையும்போது மானிட்டரின் ஓரத்தில் எரியும் சிறு விளக்கைக் கவனியுங்கள். கேபினட் மட்டும் அணைந்து, மானிட்டர் விளக்கு எரிந்துகொண்டு, திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தால் கோளாறு கேபினட்டுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக அணைந்தால் அதற்கு வெளியே தேட வேண்டும். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அதே விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். ஹெட்போன் போடாதீர்கள்.

கேட்டவர்

ஹெட்போன் போட வேண்டாம் என்று எதற்குச் சொன்னீர்கள் என்பது நேற்று புரிந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் விளையாடியும் ஒன்றும் ஆகவில்லை. மாலை ஏழு மணிக்குக் கீழ்வீட்டில் வீட்டு உரிமையாளர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டார். டியூப்லைட் ஒருமுறை மங்கியது, மேசைக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரு நீண்ட ‘பீப்’, எல்லாம் இருண்டுவிட்டது. மானிட்டர் விளக்கும் அணைந்திருந்தது. கணினியும் மானிட்டரும் நான்கு ஆண்டுப் பழைய 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் செருகப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதன் பொத்தானை அழுத்திய பிறகே கணினியைப் போட முடியும்; அது பழகிப்போனதால் இங்கே எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. பக்செக் கோடும் 0தான்.

மறுமொழி 2

அப்படியானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், பின்புறம் சிறிய எழுத்தில் 360 வாட் என்று இருக்கும்; அது உண்மையில் தாங்கும் சுமை அந்த வாட்தான். உங்கள் கார்டு 220, பிராசசர் முழு வேலையில் 76, மற்றவை ஏறக்குறைய 45 என்று வைத்தால் 340 வாட். எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் கணினி இழுப்பது 390ஐ நெருங்கும், மானிட்டருக்கு இன்னொரு 30.

வீட்டு மின்சாரம் சீராக வரும்வரை இத்தகைய சிறிய யுபிஎஸ் அதை ஏறக்குறைய அப்படியே கடத்திவிடுவதால் காலையில் பிரச்சினை தெரியவில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் அது ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது (நீங்கள் கேட்ட ‘டக்’, அப்படி மாற்றிவிடும் ரிலே என்ற சுவிட்சின் சத்தம்). 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 360 வாட் எடுப்பதற்கே 30 ஆம்பியருக்கு மேல் வேண்டும். நான்கு ஆண்டுப் பழைய பேட்டரி அதைத் தாங்காது. சுமை மிகுந்துவிட்டது என்று யுபிஎஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. எக்செல் வேலைக்குக் கணினி 100 வாட்கூட எடுக்காததால் அப்போது இது நிகழ்வதில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள, எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் நேராகச் செருகி மூன்று மாலைகள் விளையாடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். கேபிளையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

மறுமொழி 1

கடையை நம்பி நானும் எஸ்எம்பிஎஸ் பக்கமே போய்விட்டேன். கேபிள் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

மறுமொழி 3

யுபிஎஸ் இல்லாமலேயே தொடர்ந்து ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அந்த வோல்டேஜ் இறக்கத்தை இனி உங்கள் எஸ்எம்பிஎஸ் நேரடியாக வாங்கிக்கொள்ளும், திடீர் மின்வெட்டில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பும் கெடலாம். புதிது வாங்கும்போது விஏவைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள்; குறைந்தது 600 வாட் தருவதாக இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைப் படிப்படியான அலையாகத் தரும் யுபிஎஸ்களோடு ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) கொண்ட சில எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை என்பதால், விலை கூடினாலும் வீட்டு மின்சாரத்தைப்போல் வழவழப்பான அலையைத் தரும் பியூர் சைன்வேவ் வகையே உங்களுக்கு நல்லது.

கேட்டவர்

மூன்று மாலைகளும் நேராகச் செருகி விளையாடினேன். மோட்டார் போட்டபோது விளக்கு மங்கியது, கணினி அணையவில்லை. நான்காம் நாள் மறுபடி யுபிஎஸ் வழியாகக் கொடுத்ததும், மோட்டார் கிளம்பிய அதே நொடியில் அணைந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வைத்திருந்த 7,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிய யுபிஎஸ் வாங்கப்போகிறேன். பழையதில் பேட்டரி மாற்றி ரவுட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். அதுவரை தொட்டியைக் காலையிலேயே நிரப்பிவிடுவதாக வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். காரணத்தைத்தான் நான் அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை.