புதுப்பிப்பு: மொட்டை மாடி ஒழுகல், காரணம் கிடைத்துவிட்டது

படுக்கையறை உட்கூரையில் ஈரம் படர்கிறது, மாடியில் பதித்த தட்டை ஓடுகள் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று போன வருஷம் ஐப்பசியில் கேட்டிருந்தேன் இல்லையா? நல்லவேளை, செய்யவில்லை.

இங்கே ஒருவர் சொன்னபடி, மாடியைச் சிமெண்ட் கலவையில் சின்ன வரப்பு கட்டிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்திப் பார்த்தேன். நடுவில் நிறுத்தியபோது கீழே ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. கைப்பிடிச்சுவர் ஓரம் நிறுத்தினேன், மறுநாள் காலையிலேயே கறை! ஆக, தளத்தில் கோளாறே இல்லை, சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அவ்வளவுதான்.

அந்த மூலையைக் கொத்தி, தூசி போகக் கழுவி, நீர்க்கசிவு தடுக்கும் திரவம் கலந்த 1:3 சிமெண்ட் கலவையை (ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல்) வளைவாக மெழுகி, ஏழு நாள் நனைத்தோம். காய்ந்த பிறகு வலைத்துணி வைத்து நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு இரண்டு முறை. மேஸ்திரியும் ஒரு சித்தாளும்தான், பூச்சோடு சேர்த்து மூன்று நாள் வேலை.

இந்த ஐப்பசி, கார்த்திகை இரண்டும் தாண்டிவிட்டது, ஒழுகவில்லை. உள்ளே மட்டும் இன்னும் வெள்ளையடிக்கவில்லை, பழைய ஈரம் முழுக்கக் காயட்டும் என்று விட்டிருக்கிறேன், வீட்டில் தினமும் திட்டு விழுகிறது.