ஆப்பில் நூற்றுக்கு நூறு, பாக்கெட்டைப் பார்த்தால் முழிக்கிறேன்: கட்டகானா படித்தவர்கள் உதவுங்கள்

பகல்கனவு:
ஆறு வாரமாகப் போனில் ஒரு ஆப் வைத்து ஜப்பானிய எழுத்து படிக்கிறேன். ஹிரகானா, கட்டகானா என்று இரண்டு எழுத்து வரிசை, ஒவ்வொன்றிலும் 46, எல்லாம் முடிந்துவிட்டது என்று பச்சை டிக் போட்டுப் பட்டாசும் வெடித்துக் காட்டிவிட்டது. போன ஞாயிறு தங்கை ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டை நீட்டி, "அதான் படிக்கிறியே, என்ன எழுதியிருக்கு சொல்லு" என்றாள். முதல் எழுத்து ரா, சரி. அடுத்து ஒரு படுக்கைக் கோடு, கழித்தல் குறி மாதிரி. அப்புறம் மெ. கடைசி எழுத்து சோவா, ன்னா என்று நான் தடவிக்கொண்டிருக்க, அவள் படத்தைப் பார்த்தே "ராமென்" என்று சொல்லிவிட்டாள். மானம் போச்சு. ஆப்பை மாற்றணுமா, இல்லை என்னையே மாற்றணுமா?

கோடுபோட்டநோட்டு:
ஆப் நாலு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறது, இல்லையா? அதில் நீங்கள் எழுத்தைப் படிப்பதில்லை, மற்ற மூன்றைக் கழித்துவிடுகிறீர்கள். அங்கி (Anki) என்ற மனப்பாட அட்டை ஆப்பில் அட்டை போட்டு, "சோ" என்ற ஒலியைப் பார்த்ததும் தாளில் எழுதிவிட்டு அப்புறம் திருப்பிப் பாருங்கள். சோ, ன் குழப்பம் எல்லோருக்கும் வரும், எழுதினால்தான் தீரும். சோவில் சின்னக் கோடு மேலே நிற்கும், பெரிய கோடு மேலிருந்து கீழே இறங்கும். ன்னில் சின்னக் கோடு இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும், பெரிய கோடு கீழிருந்து மேலே ஏறும். ட்சுவும் ஷியும் அதே கதைதான், சின்னக் கோடு மட்டும் இரண்டு. சட்டைக்கு அவர்கள் சொல்லும் "ஷாட்சு"வில் ஷியும் ட்சுவும் சேர்ந்தே வரும், கம்ப்யூட்டருக்கான "பசோகொன்"னில் சோவும் ன்னும் வரும். இந்த இரண்டு வார்த்தையையும் இருபது தடவை எழுதுங்கள், போதும்.

சும்மாஇருப்பவன்:
எதற்கு எழுதணும்? ஜேஎல்பிடி என்5, அதாவது ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலை, எழுதுவதானால்கூட அதில் கையெழுத்தே கிடையாது, விடையைக் குறிப்பதுதான். போனில் ஜப்பானிய கீபோர்டைப் போட்டு, ரோமன் எழுத்தில் தட்டாமல் பன்னிரண்டு கட்டை உள்ளதில் தட்டிப் பழகுங்கள். க கட்டையைத் தொட்டால் க, இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. ஒரு வாரம் விரல் தடுமாறும், அவ்வளவுதான்.

மிளகுரசம்:
அந்தக் கட்டைகளின் வரிசையைக் கவனித்தீர்களா? அ இ உ எ ஒ, அப்புறம் க ச த ந ஹ ம ய ர வ. நம் அரிச்சுவடியில் ங, ஞ, ட மாதிரி சிலதை எடுத்துவிட்டால் இதேதான்! சமஸ்கிருத எழுத்து படித்த புத்த பிக்குகள் வழியாகப் போன வரிசை. ஹ மட்டும் உறுத்துகிறதே என்றால், அது பழைய ஜப்பானியத்தில் ப-வாக இருந்தது என்கிறார்கள், அப்போது ப அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிடும். எனக்கு இது தெரிந்த அன்றே அட்டவணை மனப்பாடம் ஆகிவிட்டது.

பகல்கனவு, உங்கள் கழித்தல் குறி நெடில் குறி. கட்டகானாவில் "பிரு" என்றால் கட்டடம், நடுவில் அந்தக் கோடு போட்டு "பீரு" என்றால் பீர். வழி கேட்கும்போது பார்த்துக் கேளுங்கள். குட்டியாக ஒரு ட்சு வந்தால் அதைப் படிக்கக் கூடாது, அடுத்த எழுத்துக்கு ஒற்று மிகும். "கிதெ" என்றால் வா, "கித்தெ" என்றால் தபால்தலை. தமிழ் படித்தவனுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

பகல்கனவு:
ஒற்று மிகும் இடம் பள்ளியிலேயே எனக்கு வராது அக்கா! ஷாட்சு எழுதிப் பார்த்தேன், பத்தாவது தடவையில் கை தானாகத் திரும்புகிறது. கீபோர்டும் போட்டாச்சு. அதில் க-வை க³ (ga ஒலி) ஆக்க என்ன செய்வது, கட்டையே காணோமே?

சும்மாஇருப்பவன்:
முதலில் க அடித்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு கட்டையின் கீழ் வரிசையில் இடது ஓரமாக இருக்கும் கட்டையைத் தட்டுங்கள், எழுத்தின் வலது தோளில் இரண்டு குட்டிக் கோடு விழும்.