ஃபெடரல் வேலையில் மாற்றல்: புது வீடு வாங்கினால் 5% கையில் கிடைக்குமா?

மலைப்பாதை:
அமெரிக்க ஃபெடரல் அரசு வேலையில் இருக்கிறேன், கான்சாஸ் சிட்டியிலிருந்து டென்வருக்கு மாற்றல். நான் கேட்டு வாங்கியதில்லை, ஏஜென்சியே அனுப்புகிறது. இங்கே வாடகை வீடுதான், அங்கே 4,80,000 டாலருக்கு ஒன்று பார்த்திருக்கிறோம். வீட்டு விலையில் 5% அரசு தரும் என்கிறார்கள், அப்படியானால் 24,000 டாலர், அதை நம்பி டவுன் பேமென்ட்டைத் திட்டமிடலாமா? டிராவல் ஆர்டர் (மாற்றல் செலவுக்கு ஏஜென்சி தரும் அனுமதி ஆணை) இன்னும் வரவில்லை, விற்பவரோ அவசரப்படுத்துகிறார்.

பழைய ஃபைல்:
அந்த 24,000-ஐ முதலில் மறந்துவிடுங்கள். 5% என்பது உச்சவரம்பு, மானியம் இல்லை. மாற்றல் செலவுக்கான அரசு விதியான ஃபெடரல் டிராவல் ரெகுலேஷன் 302-11 அனுமதிக்கிற செலவை நீங்கள் கையிலிருந்து கட்டி, ரசீது காட்டினால் அந்தத் தொகை மட்டும் வரும், அதுவும் கிளோசிங் (பணம் கட்டி வீட்டை எழுதி வாங்குவது) முடிந்த பிறகுதான், அதனால் டவுன் பேமென்ட்டுக்கு உதவவே உதவாது. விற்பவர் ஏற்றுக்கொண்ட செலவையும் நீங்கள் கேட்க முடியாது.

ஆர்டர் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். 12 மாதம் அரசு வேலையில் இருப்பேன் என்ற சர்வீஸ் அக்ரிமென்ட்டில் கையெழுத்தாகி, ஆர்டரில் ரியல் எஸ்டேட் செலவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வீட்டு ஒப்பந்தம். மாற்றல் உறுதியாகும் முன்பே செலவு செய்துவிட்டு, இந்த வழக்குகளைத் தீர்க்கும் சிவிலியன் போர்டு ஆஃப் கான்ட்ராக்ட் அப்பீல்ஸ் வரை போய்த் தோற்றவர்கள் உண்டு. உங்களுக்கு அவசரமே இல்லை, புது இடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கிளோசிங் முடித்தால் போதும், கேட்டால் ஏஜென்சி இன்னும் ஒரு வருடம் வரை நீட்டிக்கலாம். விற்பவரின் அவசரம் அவர் பாடு.

வாடகையில் இருந்தது தடையில்லை. பழைய வீட்டை விற்றவர்களுக்கு விற்பனைச் செலவு தனிக் கணக்கு, அதற்கு வரம்பு 10%.

கணக்குப்பிள்ளை:
கிளோசிங் டிஸ்க்ளோஷரின் (கடன் கொடுப்பவர் தரும் செலவுப் பட்டியல்) இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 'ஏ' பகுதியில் ஒரிஜினேஷன் கட்டணம் (கடனைத் தயார் செய்யும் கட்டணம்) பொதுவாகக் கடன் தொகையில் 1% வரை தேறும், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பாயின்ட்ஸ் (வட்டியைக் குறைக்க முன்பணமாகக் கட்டுவது) தேறாது. அப்ரைசல், கிரெடிட் ரிப்போர்ட், டைட்டில் தேடல், பதிவுக் கட்டணம் எல்லாம் வழக்கமாகத் தேறும். 'எஃப்', 'ஜி' பகுதிகளில் இருக்கும் வட்டி, வீட்டு இன்ஷூரன்ஸ், சொத்து வரி எதுவும் தேறாது. இன்ஸ்பெக்ஷன் கடன் கொடுப்பவரோ சட்டமோ கட்டாயப்படுத்தினால்தான், நம் மன நிம்மதிக்குச் செய்தால் நம் காசு.

இன்னொன்று, வருகிற பணம் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-இல் வருமானமாக ஏறும், 22% வரி பிடிப்பார்கள். அதை ஈடுகட்ட ரீட்டா என்று ஒன்று உண்டு, தனியாக க்ளெய்ம் போட வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

மலைப்பாதை:
நன்றி, ஆர்டர் வரும்வரை பேசாமல் இருக்கிறேன். கடனுக்கு வருமானம் கூடுதலாகக் காட்டத் தம்பியையும் பத்திரத்தில் சேர்ப்பதாக இருந்தோம். அதில் சிக்கல் உண்டா?

பழைய ஃபைல்:
உண்டு. பத்திரத்தில் நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் இருந்தால் முழுச் செலவையும் கேட்கலாம். சொந்தக் காலில் நிற்கும் தம்பி ஏஜென்சியின் கணக்கில் குடும்பத்தில் சேர மாட்டார், அவர் பங்கு எவ்வளவோ அந்த அளவு வெட்டிவிடுவார்கள். அவரைப் பத்திரத்தில் சேர்க்காமல் கடன் தருவார்களா என்று லோன் ஆபீசரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.