மறுமொழி: மீக்கடத்து நானோகம்பி ஒற்றை ஒளியணு கண்டறிகருவி – சுருக்க முடியாதா?

> இப்பெயரில் பொருள் எதுவும் விடுபடவில்லையே, ஏன் மாற்ற வேண்டும்?

வணக்கம் ஐயா. பொருள் விடுபடவில்லைதான், மூச்சுதான் விட முடியவில்லை. வகுப்பில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை நானே "அந்தக் கருவி" என்று தாவிவிட்டேன்.

அது செய்கிற வேலையைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வரலாம். ஒளியின் மிகச் சிறு துணுக்கான ஒளியணு (போட்டான்) ஒன்றே ஒன்று விழுந்தாலும் உணரும் கருவி அது. மீக்கடத்தல் என்றால் கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவது. 2001இல் மாஸ்கோவின் கோல்ட்ஸ்மன் குழுவினர் செய்து காட்டியது இது. நையோபியம் நைட்ரைடுப் படலத்தை, ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமனும் 100 நானோமீட்டர் அகலமும் உள்ள ஒரே இழையாகச் செதுக்கி, வயலில் உழவுசால் போவதுபோல் போய்த் திரும்பி, போய்த் திரும்பி ஒரு சின்னச் சதுரத்தை நிரப்புகிறார்கள். இரண்டு மூன்று கெல்வின் (ஏறத்தாழ −270 டிகிரி செல்சியஸ்) குளிரில், இழை தாங்கக்கூடிய மின்னோட்டத்தின் விளிம்புவரை ஓட்டி வைக்கிறார்கள். ஓர் ஒளியணு விழுந்தால் போதும், அந்த இடத்தில் மீக்கடத்தல் குலைகிறது. பக்கவாட்டில் ஒதுங்கும் மின்னோட்டம் அங்கே நெரிபட்டு, இழையின் குறுக்கே மின்தடை எழுகிறது. ஒரு மின்துடிப்பு கிளம்புகிறது. சில பத்து நானோநொடிகளில் ஆறி, அடுத்ததற்குத் தயார்.

அதனால்தான் நேற்று இங்கே ஒருவர் சொன்ன 'ஒளியணு எண்ணி' என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. சாதாரண இழையில் இரண்டு ஒளியணுக்கள் சேர்ந்தே விழுந்தாலும் துடிப்பு ஒன்றுதான் வரும். எண்ணத் தெரியாததற்கு எண்ணி என்று பெயரா? ஒளியணுவைக் காண்பதால் 'காணி' என்றால் சர்வே எண் கேட்பார்கள்.

என் பரிந்துரை: மீக்கடத்து இழைப்பொறி. பழகியபின் வெறும் இழைப்பொறி.

பொறி என்றால் இயந்திரம் ஆயிற்றே என்பீர்கள். ஐம்பொறியும் பொறிதானே? உணர்வதும் பொறி, தெறிப்பதும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி. இந்தக் கருவி மூன்றையும் செய்கிறது. 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் சுமார் 3.1 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லேசரில் ஒரு பூனை வீடியோவை அனுப்பியது. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் ஹேல் தொலைநோக்கியில் அதைப் பிடித்தது இந்த வகைக் கருவிதான். பூனையையே பிடித்த பொறி!

'நானோ'வை வேண்டுமென்றேதான் விட்டேன். அகச்சிவப்பு ஒளியணுவின் ஆற்றல் மிகவும் சிறியது. அகலமான இழையில் அது உறைக்காது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2018 வாக்கில் மைக்ரோமீட்டர் அகல இழையும் ஒற்றை ஒளியணுவை உணர்ந்துவிட்டது. பெயரில் அளவைப் பூட்டினால் பிறகு நாம்தான் முழிக்க வேண்டும்.

அப்புறம், ஒளியே விழாமல் தானாக வரும் துடிப்பு. 'இருட்டு எண்ணிக்கை' என்று ஒருவர் எழுதியிருந்தார். விளக்கை அணைத்துவிட்டுக் காசு எண்ணுவதுபோல் இருக்கிறது. 'பொய்த்துடிப்பு' என்று நான் எழுதிவருகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இந்த இழை ஏற்கெனவே நெரிகிறது.