டாஸ்க் கில்லர் செயலிகள் கைபேசிக்கு உதவுகின்றனவா, ஊறு செய்கின்றனவா?

வெண்சுடர்:

என் கைபேசியில் ராம் (செயலிகள் இயங்கும் தற்காலிக நினைவகம்) 2 ஜிபிதான். ஆண்ட்ராய்டு 11 பதிப்போடு அதற்கு மேம்பாடு நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகளாக அதில் ஒரு டாஸ்க் கில்லர் செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். கைபேசி திணறத் தொடங்கியதும் அதன் பொத்தானை அழுத்துவேன். பின்னணியில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு செயலிகள் மூடப்பட்டு, இவ்வளவு நினைவகம் விடுபட்டது என்று ஒரு கணக்கு வரும். அதற்குப் பின் திரை தடையின்றி நகர்வதை நானே உணர்கிறேன். இதை வேறோர் இழையில் எழுதியபோது, கைபேசியைக் கெடுப்பதே அந்தச் செயலிதான், உடனே நீக்கிவிடுங்கள் என்று மூவர் பதில் எழுதினார்கள். ஏன் என்று ஒருவரும் விளக்கவில்லை. நாள்தோறும் கண்முன் நடப்பதைத் தவறு என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அதற்குரிய காரணம் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

நிரலோடை:

நீங்கள் உணர்ந்ததை நான் மறுக்கவில்லை, வெண்சுடர். அது எதனால் நேர்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில்தான் வேறுபடுகிறேன். ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவது என் வேலை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு செயலியை விட்டு நீங்கள் வெளியேறியதும் ஆண்ட்ராய்டு அதை அழித்துவிடுவதில்லை. மீண்டும் திறக்கக்கூடும் என்று அதை நினைவகத்திலேயே விட்டுவைக்கிறது. பட்டியலில் அதன் பெயர் தெரிவதால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் எந்த வேலையும் செய்யாமல் கிடக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல், அவ்வாறு கிடப்பவற்றை அப்படியே உறைய வைக்கும் வசதியும் பல கைபேசிகளில் வந்துவிட்டது. உறைந்திருக்கும்வரை அவற்றால் சிபியுவை, அதாவது கைபேசியின் மையச் செயலகத்தை, தொடவே முடியாது. ராம் நிறைந்திருப்பதால் பேட்டரி கூடுதலாகக் கரையும் என்பதும் சரியன்று. ராம் சில்லின் மின்செலவு, அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவதில்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் நினைவகம் தீரும்போது என்ன நடக்கும்? ஒவ்வொரு செயலிக்கும் ஆண்ட்ராய்டு ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. திரையில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்கு 0. பாட்டை ஒலிக்கச் செய்துகொண்டிருப்பது போல உங்களுக்குப் புலப்படும் வேலையைச் செய்வதற்கு 200 அளவில். சற்று முன் விட்டு வந்த செயலிக்கு 700. நெடுநேரம் தொடாமல் கிடப்பவற்றுக்கு 900க்கு மேல். இடம் போதாதபோது லோ மெமரி கில்லர் என்னும் உள்ளமைந்த ஏற்பாடு மதிப்பெண் மிகுந்தவற்றிலிருந்து தொடங்கித் தேவையான அளவுக்கு மட்டும் நீக்குகிறது. ஆக, உங்கள் கைபேசியில் ஒரு டாஸ்க் கில்லர் முன்பே இருக்கிறது. எது தேவை, எது தேவையில்லை என்று அதற்குத் தெரியும். நீங்கள் நிறுவியதற்கு அது தெரியாது.

நேற்றிரவு என் பழைய கைபேசியைக் கணினியோடு இணைத்து, இத்தகைய செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தேன். ஒரு செயலி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஆண்ட்ராய்டு அதற்கு ஓர் இயக்க எண் தருகிறது; செய்திப் பரிமாற்றச் செயலியின் எண் 11482 என்று திரையில் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் அந்த வரி மறைந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் யாரோ அனுப்பிய செய்தி வந்து சேர, அதே செயலி 11907 என்ற புது எண்ணோடு மீண்டும் எழுந்து நின்றது. அதன் கோப்புகளைச் சேமிப்பகத்திலிருந்து மறுபடி படித்து, நிரலை ஏற்றி, இணைப்பை அமைத்து முடிக்கும்வரை சிபியுவின் பயன்பாடு உயர்ந்தே இருந்தது. நினைவகத்தில் இருக்கும் செயலியைத் திறப்பதற்கும் அடியிலிருந்து தொடங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூகுளின் அளவுகோலே காட்டும்: முன்னதற்கு ஒன்றரை நொடி ஆனாலே மிகை என்று கொள்ளும் கூகுள், பின்னதற்கு ஐந்து நொடிவரை பொறுத்துக்கொள்கிறது.

கல்தச்சன்:

நிரலோடை சொல்வது 8 ஜிபி கைபேசிக்கு முற்றிலும் பொருந்தும். 2 ஜிபி கைபேசியை ஒரு நாள் முழுதும் கையில் வைத்துப் பார்த்தவர்கள் இவ்வளவு உறுதியாக எழுத மாட்டார்கள். பழுதுபார்ப்பது என் தொழில். திணறும் கைபேசிகளைத்தான் நாளெல்லாம் பார்க்கிறேன்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ராம் குறைந்த கைபேசிகளில், ஒரு செயலியை நீக்குவதற்கு முன், ஆண்ட்ராய்டு அதன் நினைவகப் பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை)ச் சுருக்கி, ராமிலேயே ஒதுக்கிய ஒரு மூலையில் அடைத்து வைக்கிறது. இதற்கு ஜிராம் என்று பெயர். சுருக்குவதும் விரிப்பதும் சிபியுவின் வேலை. இடநெருக்கடி முற்றும்போது அந்தச் சிறிய சிபியு, உங்கள் விரலுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, பக்கங்களைச் சுருக்குவதிலும் விரிப்பதிலுமே மூச்சு முட்டி நிற்கிறது. விசைப்பலகை எழும்ப மூன்று நொடி ஆகும். தட்டிய எழுத்து பிந்தி வரும். அந்த நேரத்தில் பத்துச் செயலிகளை ஒரேயடியாக அகற்றினால் அந்த முட்டல் தீர்கிறது. வெண்சுடர் உணர்வது இதைத்தான். அதை மனப்பிரமை என்று தள்ளுவது நியாயமன்று.

வரலாற்றையும் சற்றுப் பாருங்கள். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் ராம் 192 எம்பி. அன்றைய டாஸ்க் கில்லர்கள் மக்களிடம் பரவியதற்குக் காரணம், தேவை இருந்ததுதான். இன்னொன்று: பின்னணிச் செயலிகளைக் கொல்வது கேடு என்றால், கைபேசி நிறுவனங்கள் பல தாங்களே தங்கள் கைபேசிகளில் நினைவகத்தைத் துடைக்கும் பொத்தானைப் பதித்து விற்பது ஏன்? அவர்களிடம் பொறியாளர்கள் இல்லையா?

மாலைநிழல்:

தொழில்நுட்பம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாயாருக்கு இரவு எட்டரை மணிக்கு ஒரு மாத்திரை உண்டு. அதை நினைவூட்ட அவருடைய கைபேசியில் ஒரு செயலியை அமைத்துக் கொடுத்திருந்தேன். ஓராண்டுக்கு மேல் தவறாமல் ஒலித்தது. கைபேசி மெதுவாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவர் ஒரு டாஸ்க் கில்லரை நிறுவி, அது கேட்ட அணுகல்தன்மை அனுமதியையும் கொடுத்துவிட்டார். அதன் பின் நான்கு நாள் நினைவூட்டல் ஒலிக்கவே இல்லை. அவர் மறந்துவிட்டார் என்று நான் அவரைக் கடிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் அந்தச் செயலியை நானே திறந்த பிறகுதான், நினைவூட்டல்கள் அனைத்தும் அடங்கிக் கிடந்தன என்பது தெரிந்தது. ஒரு கைபேசி இரண்டு நொடி விரைவாக இயங்குவதற்கு இந்த விலையா என்று இன்றும் மனம் ஆறவில்லை. அந்த அனுமதி என்ன செய்கிறது என்பதை யாராவது விளக்க முடியுமா?

நிரலோடை:

மாலைநிழல், உங்கள் தாயாருக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்வதுதான்; அவர்மீது பிழையே இல்லை. சாதாரண முறையில் ஒரு செயலியைக் கொன்றால், அது வைத்த அலாரம் ஆண்ட்ராய்டிடம் பத்திரமாக இருக்கும். நேரம் வந்ததும் செயலியை எழுப்பும். ஆனால் அமைப்புகளில் உள்ள ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ (கட்டாய நிறுத்தம்) அப்படியன்று. அது செயலியின் அலாரங்களையும் நீக்கி, யாராவது கையால் திறக்கும்வரை அதை உறங்க வைத்துவிடும். பிற செயலிகளை இவ்வாறு நிறுத்தும் உரிமை டாஸ்க் கில்லருக்கு இல்லாததால், அணுகல்தன்மை அனுமதியைப் பெற்றுக்கொண்டு, உங்கள் விரலுக்குப் பதிலாக அதுவே அமைப்புகளுக்குள் சென்று அந்தப் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்துகிறது. பார்வைக் குறைபாடு போன்ற குறைபாடுகள் உடையோருக்கு உதவவே அந்த அனுமதி உருவானது. திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்கள் சார்பில் அழுத்தவும் அதனால் முடியும். இதை முன்பின் தெரியாத செயலிக்குத் தருவது வேகத்தைவிடப் பெரிய சிக்கல். தயவுசெய்து இன்றே திரும்பப் பெறுங்கள்.

கல்தச்சன், ஜிராம் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். நான் அதை விட்டுவிட்டது குறைதான். இடநெருக்கடியின் உச்சத்தில் பத்துச் செயலிகளை அகற்றினால் சில நிமிடங்களுக்கு இலகுவாகும் என்பது உண்மை. ஆனால் அங்கே அகற்றப்படுபவை எவை என்று பாருங்கள். டாஸ்க் கில்லர் பயன்படுத்தும் கட்டளை பின்னணியில் சும்மா கிடப்பவற்றைத்தான் கொல்லும். நிலையான அறிவிப்பைக் காட்டியபடி ஓயாது ஓடும் சேவையை அது தொடாது. அதாவது, நெருக்கடியை உண்டாக்கும் செயலி தப்பிவிடும். அமைதியாக இருந்தவை மடியும். மடிந்தவையும் சற்று நேரத்தில் மீண்டு வரும். நெருக்கடி திரும்பும். நீங்களும் திரும்பப் பொத்தானை அழுத்துவீர்கள்.

நீங்கள் குறிப்பிட்ட தொடக்க காலத்தில் இந்தச் செயலிகளால் பிற செயலிகளின் சேவைகளையும் அலாரங்களையும் சேர்த்தே நிறுத்த முடிந்தது. 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 அந்த வழியை அடைத்துவிட்டது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 மிச்சத்தையும் எடுத்துவிட்டது: அந்தப் பதிப்பில் ஒரு சாதாரணச் செயலி பிறிதொரு செயலியைக் கொல்லச் சொன்னால் எதுவுமே நடக்காது. அதன் பிறகும் திரையில் ஏதேனும் எண் ஓடுமானால் அது வெறும் அசைவூட்டம்.

நிறுவனங்கள் ஏன் அந்தப் பொத்தானைப் பதிக்கின்றன என்று கேட்டீர்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் நின்றது என்பதை விளம்பரத்தில் காட்டலாம். வராமல்போன அறிவிப்புகளை யாரும் காட்டுவதில்லை. அப்படிக் கொல்லப்படும் செயலிகளை எழுதுபவர்கள், எந்தக் கைபேசியில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று பயனர்களுக்கு விளக்கவே தனியாக ஓர் இணையதளம் நடத்தும் நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

வெண்சுடர், ஒன்று செய்து பாருங்கள். அமைப்புகளுக்குள் நிரலாளர்களுக்கென மறைத்து வைத்துள்ள டெவலப்பர் ஆப்ஷன்களில் ‘மெமரி’ என்ற பகுதி இருக்கும். அதில் ஒரு நாள் அளவில் எந்தச் செயலி சராசரியாக எவ்வளவு நினைவகம் எடுத்தது, எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பவை வரிசையாக வரும். கில்லரை ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

வெண்சுடர்:

ஒன்பது நாள் ஆயிற்று. முதல் இரண்டு நாள் கைபேசி முன்னிலும் மோசமாக இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் அந்தப் பட்டியலைத் திறந்தேன். முதலிடத்தில் கைபேசியின் சொந்த அமைப்பு. அடுத்து, ஒளிப்படங்களை அழகுபடுத்த எப்போதோ நிறுவிய ஒரு செயலி; ஆறு மாதமாக நான் திறக்காத அது, நாள் முழுதும் விழித்தே இருந்ததாகக் காட்டியது. அதற்கும் அடுத்ததாக, நிறுத்தி வைத்தேன் என்று நான் நினைத்த டாஸ்க் கில்லர். திரையின் ஓரத்தில் மிதக்கும் சிறு வட்டத்திற்காக அது ஓயாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டையும் நீக்கிவிட்டேன். விசைப்பலகை இப்போது தாமதிப்பதில்லை. வரைபடச் செயலியிலிருந்து உலாவிக்குப் போய்த் திரும்பினால் வரைபடம் விட்ட இடத்திலேயே நிற்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கும், அது கைபேசியின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். ஆனாலும் கேமராவைத் திறந்தால் மற்றவை அனைத்தும் மறைந்துவிடுகின்றன.

கல்தச்சன்:

கேமராவுக்கு மட்டும் பல நூறு எம்பி வேண்டும். 2 ஜிபியில் அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. நீங்கள் கண்டது மற்றக் கைபேசிகளிலும் இருக்கிறதா என்று பார்க்க, என்னிடம் வந்த கைபேசிகளில் மூன்றில் உரியவர்களின் ஒப்புதலோடு அதே பட்டியலைத் திறந்தேன். இரண்டில் டாஸ்க் கில்லரே முதல் ஐந்துக்குள் இருந்தது. அதை நிறுவித் தருவதை இனி நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் நிரலோடையிடம் ஒரு முறையீடு உண்டு: டெவலப்பர் ஆப்ஷனைத் திறக்க, கட்டமைப்பு எண்ணை (பில்டு நம்பர்) ஏழு முறை தட்ட வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வெண்சுடருக்கு எடுத்துச் சொல்ல நீங்கள் இருந்தீர்கள். மாலைநிழலின் தாயாரைப் போன்றவர்களின் கண்ணில் படுவது டாஸ்க் கில்லரின் பொத்தான் ஒன்றுதான்.

நிரலோடை:

அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குள் செயலிவாரியான பயன்பாடு இருக்கிறது. எந்த மறைப்பும் இல்லாமல் திறக்கும். நினைவக அளவு அங்கே வராது, ஆனால் பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்பது பெரும்பாலான கைபேசிகளில் வரும். வெண்சுடரின் ஒளிப்படச் செயலி அதிலேயே அகப்பட்டிருக்கும். மாலைநிழல், உங்கள் தாயாரின் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, நினைவூட்டல் செயலிக்கு மட்டும் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று அமைத்துவிடுங்கள்.

மாலைநிழல்:

அமைத்துவிட்டேன். நேற்று இரவு எட்டரைக்கு ஒலித்தது.