44 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: கூடல்வாசி

வணக்கம். நான் மதுரையில் ஒரு பதிப்பகத்தில் 19 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு என் மகனுக்கு ஆட்டிசம் உறுதியானபோது, அவனைப் பற்றி மருத்துவர் கேட்ட கேள்விகள் பலவற்றுக்கு என் சிறுவயதே விடையாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் நானும் மதிப்பீட்டுக்குச் சென்றேன். மூன்று அமர்வுகளுக்குப் பிறகு, பழைய மதிப்பெண் அட்டைகளையெல்லாம் பார்த்து, அம்மாவிடம் தொலைபேசியில் நெடுநேரம் விசாரித்து, எனக்கும் ஆட்டிசம்தான் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பு எழுதிக் கொடுத்தார்கள். செய்தித்தாள்களில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். சொற்களோடு வாழ்பவள் என்பதால் சொல்கிறேன், என் மதி ஒருநாளும் இறுகியிருக்கவில்லை. எல்லாமே அளவுக்கு மீறி உள்ளே வந்துகொண்டிருந்ததுதான் என் துன்பம். ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

அறிக்கையைப் படித்த அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியும் பட்டுப்புடவையின் சரிகை உரசலும் என்னை ஏன் அழும் நிலைக்குக் கொண்டுபோயின என்பதும், ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தால் இரண்டு நாள் ஏன் பேச்சே எழாமல் கிடந்தேன் என்பதும் விளங்கின. பிறந்த வீட்டில் அழுத்தக்காரி என்றும் புகுந்த வீட்டில் தலைக்கனம் பிடித்தவள் என்றும் கேட்ட சொற்கள் என்மீதிருந்து உதிர்ந்தாற்போல் இருந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் அந்த நிம்மதி கோபமாகிவிட்டது. 17 வயதில் வெளியூர்க் கல்லூரி விடுதியின் இரைச்சல் தாங்காமல் மூன்றாவது வாரமே வீடு திரும்பியவளை, அன்றைக்கே யாராவது புரிந்துகொண்டிருந்தால் என்று நினைத்து நினைத்து உறக்கம் போய்விட்டது.

இரண்டு கேள்விகளுக்கு எனக்கு விடை தெரியவில்லை. என் கணவர், "அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நீ எங்களோடு பழகியதெல்லாம் நடிப்பா?" என்று வருத்தத்தோடு கேட்டார். 71 வயதான என் அம்மா, "வீட்டுக்கு வந்தவர்களை 'வாங்க' என்று கேட்கவில்லையென்று உன்னை அடித்திருக்கிறேனே, அதனால் வந்ததா?" என்று கேட்டார். அவர்மீதும் எனக்குக் கோபம் இருக்கும்போது, நான் என்ன பதில் சொல்வது?

பதில்: தண்டவாளம்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். எனக்கு 38 வயதில் தெரிந்தது; இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கோபத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை அவசரமாக அடக்கிவிடாதீர்கள். முதலாண்டு முழுவதும் நான் பழைய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆசிரியர் சொன்னதும் அண்ணன் சிரித்ததும் பெண் பார்க்கப் போன வீட்டில் நான் வாய் தவறிச் சொன்னதுமாக, மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அது வீண் வேலை என்று நண்பர்கள் சொன்னார்கள். வீணில்லை. தவறான தலைப்பில் அடுக்கி வைத்த கோப்புகளைச் சரியான தலைப்புக்கு மாற்றும் வேலை அது, அதற்கு நாள் பிடிக்கும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று என்பதால், உடனே சான்றிதழ் வாங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். அதற்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி இட்டு, கூட்டுத்தொகை 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். தன்னை மறைத்துக்கொள்ளப் பழகிய நான் அந்த எல்லைக்குக் கீழே நின்றேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பொய் சொல்லிவிட்டேனோ என்று பல மாதங்கள் கலங்கினேன். சான்றிதழ் தேவைப்பட்டால் முயலுங்கள், உங்களுக்குக் கிடைக்கவும் கூடும். ஆனால் நீங்கள் யார் என்ற தீர்ப்பை அதனிடம் விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் எனக்கு உண்மையில் உதவியது, வாய்மொழியாகச் சொல்லும் உத்தரவுகளை எழுதியும் கொடுங்கள் என்று நான் கேட்டதும், மேலதிகாரி ஒப்புக்கொண்டதும்தான்.

பதில்: கரிசல்மண்

நான் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் அறிக்கையைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தாயாரின் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு.

அடித்ததனால் ஆட்டிசம் வராது. குளிர்ந்த மனம் கொண்ட தாய்மார்களே காரணம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை உலகறியச் செய்த லியோ கானரின் எழுத்திலேயே அதன் சாயல் உண்டு, பின்னர் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஊரெங்கும் பரப்பினார். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை எதிர்த்து, இது உடலியல் சார்ந்தது என்று வாதிட்டார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபின் பங்கு பெரிது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. பழி இல்லாத தாய்மார்கள் எத்தனை பேர் அந்தப் பழைய கொள்கையால் உள்ளுக்குள் அழிந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

உங்களை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தும் பிறரோடு பழகத் திணறிய குழந்தைகளைப் பற்றி வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதியதை, பிரிட்டன் மனநல மருத்துவர் லோர்னா விங் ஆங்கில மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னதே 1981இல்தான். அதாவது நீங்கள் பிறந்த காலத்தையொட்டி. நன்றாகப் பேசவும் படிக்கவும் தெரிந்த ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்ற புரிதல் பிறகு மெல்லத்தான் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில்தான் ஒலி, தொடுகை போன்ற புலன்களின் மிகையுணர்வு அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்தாலும், கற்றுக்கொண்ட உத்திகளால் பிற்காலத்தில் மறைந்திருக்கக்கூடும் என்பதையும் அதே கையேடு ஏற்றுக்கொண்டது. நம் வீடுகளில் இந்த மறைவு இன்னும் எளிது. பெண் குழந்தை நிமிர்ந்து பார்க்காமல் நின்றால் அதை அடக்கம் என்று பாராட்டிய தலைமுறை அது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். யார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், யாரை எந்த முறை சொல்லி அழைக்க வேண்டும், முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும் என்பவற்றையெல்லாம் உங்களுக்குச் சொற்சொல்லாகக் கற்றுக் கொடுத்தவர் யார்? அந்த அடி தவறுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் மற்றக் குழந்தைகள் பார்த்தே பிடித்துக்கொள்வதை உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும் என்பதை அவர் எப்படியோ அறிந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

பதில்: வைகைக்கரை

என் மனைவிக்கு 36 வயதில் தெரிந்தது. உங்கள் கணவர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டு, அவள் ஒரு வாரம் என்னிடம் பேசாமல் இருந்தாள். பிறகு அவள் ஒரே ஒரு விளக்கம் சொன்னாள்: "உங்கள் அக்கா வீட்டில் நான் சிரித்தது பயிற்சி. நம் வீட்டில் மொட்டை மாடியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்தேனே, அது நான்." அந்த மௌனத்தை அதுவரை நான் மனத்தாங்கல் என்று எண்ணியிருந்தேன். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதாகப் பின்னால் அறிந்தேன். அதைப் படிக்கும் முன்பே எனக்கு அது வீட்டில் விளங்கிவிட்டது. உங்கள் கணவரிடம், எந்தெந்த வேளையில் நீங்கள் பயிற்சி இல்லாமல் இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கூடல்வாசி எழுதியது, 12 நாள்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. கணவரிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன்; அது மெதுவாகத்தான் நடக்கும்.

அம்மாவிடம் இரட்டையர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். அவர் கடைசிவரை ஒரே தட்டில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்தான் சாப்பிடுவாராம். கோயில் திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டால் வயலுக்குப் போய்விடுவாராம். அவருடைய மகளாக அந்த வீட்டில் வளர்ந்ததால், எனக்கு எதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அடித்ததற்காக வருத்தம் தெரிவித்தார். என் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்யாகும்.

வருகிற வெள்ளிக்கிழமை தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். பருத்திப் புடவையே கட்டிக்கொள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தட்டு மாற்றியதும் நான் மாடி அறைக்குப் போய்விடலாம். எங்கே என்று கேட்பவர்களுக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.